எல்வுட் ஹெக்மனின் ஓட்டு

எல்வுட் ஹெக்மன் வியாழக்கிழமை செத்துப்போனார். மறுநாள் காலையில் வந்து தேவாலயக் கூடத்தின் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்து தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அவரால் வர முடியவில்லை. குழாயும் அவருக்காகக் காத்திருக்கவில்லை. வெடித்துப் பீறிட்டதில் கூடம் முழுக்கக் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். நாற்காலிகள் மிதந்தன. மூலையில் இருந்த தொலைக்காட்சி புகையைக் கக்கிவிட்டு அணைந்துபோனது. ஷில்லர்ஸ்பர்க் இசை நாடகச் சபை ஒரு டிசம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை மாலை சாவு வீட்டில் ஒன்றுகூட நேர்ந்தது இப்படித்தான்.

சபையின் தலைவி மேக்சின் டிரேயர். வயது அறுபத்து மூன்று. பகலில் பல் மருத்துவரின் வரவேற்பறையில் உட்கார்ந்து, வீங்கிய கன்னங்களை வரிசைப்படுத்தி உள்ளே அனுப்புவது வேலை. வசந்தம் வந்துவிட்டால் அவள் பதினெட்டு வயது ஹன்னா. 'கலங்கரை விளக்கத்து ஹன்னா' அந்த நாட்டில் தெரியாதவர் இல்லாத பழைய பாட்டு நாடகம். விளக்கைப் பார்த்துக்கொள்ளும் கிழவரின் மகள் ஹன்னா. ஒரு கப்பல் தலைவன் வருகிறான், காதலிக்கிறான், கடலுக்குப் போய்விடுகிறான். அவள் விளக்கை அணையவிடாமல் காத்திருக்கிறாள். அவன் திரும்பி வருகிறான், மணமுடிக்கிறார்கள், எல்லாரும் பாடுகிறார்கள். இவ்வளவுதான் கதை. இதை ஷில்லர்ஸ்பர்க் சபை ஆண்டுதோறும் போட்டது, மேக்சின் ஆண்டுதோறும் காத்திருந்தாள். கடைசிப் பத்தாண்டுகளில் அவளுடைய அப்பாவாக நடித்தவர்கள் எல்லாரும் அவளைவிட இளையவர்கள். ஊரில் ஒருவரும் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

இப்போது அந்த நாடகத்தை ஒரு பெரிய தொலைக்காட்சி நிறுவனம் புதிதாக எடுத்து, நேரலையாக நாடு முழுக்கக் காட்டப்போகிறது. ஹன்னாவாக பிரியெல் காஸ் என்ற பாப் பாடகி. ஊர் வாரப் பத்திரிகையின் ஆசிரியர் மேக்சினைக் கூப்பிட்டார்.

"எங்ககிட்ட விமர்சகர்னு யாரும் இல்ல மேக்சின். மல்யுத்தம் எழுதுற பையனைக் கேட்டேன், பாட்டுன்னாலே தலைவலிங்கிறான். நீங்க பார்த்துட்டு ஒரு தீர்ப்பு சொல்லுங்களேன்."

"நான் தனியா சொன்னா நல்லா இருக்காது. சபை கூடி ஓட்டெடுத்துச் சொல்லும்" என்றாள் மேக்சின். நியாயமாக நடந்துகொள்ளத்தான் நினைத்தாள். ஆனால் தீர்ப்பின் முதல் வரி அப்போதே அவள் மனதில் தயாராகிவிட்டது: 'இதை ஏன் செய்தார்கள்?'

கூடம் மூழ்கியதும் கிளைட் உம்ஹோல்ட்ஸ் கைகொடுத்தான். சபையில் கனத்த குரல் அவனுக்குத்தான். ஊரின் இறுதிச் சடங்கு இல்லமும் அவனுடையதுதான். மறைந்தவர்களின் புகைப்படங்களை ஓடவிட அங்கே ஆளுயரத் திரைகள் வைத்திருந்தான். ஒன்று பிரேதம் வைக்கும் அறையில், இன்னொன்று பக்கத்து ஓய்வறையில்.

"ஓய்வறையை எடுத்துக்கோங்க. ஆனா ஒரு விஷயம், சத்தம் வரக்கூடாது" என்றான் கிளைட். "பக்கத்து ரூம்ல எல்வுட்டைப் பார்க்க ஆளுங்க வருவாங்க."

"எந்த எல்வுட்? நம்ம குழாய் எல்வுட்டா?" என்று கேட்டான் லியோனர்ட் ஃபெக்லி. தபால் துறையில் ஓய்வு பெற்றவன். சபையில் நிரந்தரக் கப்பல் தலைவன். "வெள்ளிக்கிழமை வரேன்னு சொல்லிட்டு வராம ஏமாத்தின மனுஷன்தானே?"

"செத்துட்டாருடா."

"சொல்லி அனுப்பியிருக்கலாம்ல?"

ஏழு மணிக்கு ஓய்வறையில் சபை முழுசாக உட்கார்ந்திருந்தது. மடியில் கொறிக்க உப்புப் பிரெட்சல், காலடியில் ஈரக் காலணிகள். நிகழ்ச்சி தொடங்கியது.

கலங்கரை விளக்கம் எஃகில் செய்யப்பட்டிருந்தது. ஊதா, பச்சை, ஆரஞ்சு என்று நிறம் மாறி மாறி எரிந்தது. கடற்புறாக்கள் என்று சொல்லி இருபது பேர் வெள்ளை மழைக்கோட்டில் ஓடிவந்து தரையில் உருண்டார்கள். ஹன்னாவின் முதல் பாட்டை, மேக்சின் எப்போதும் கண்ணை மூடிக்கொண்டு தாலாட்டு மாதிரிப் பாடும் பாட்டை, பிரியெல் காஸ் படிக்கட்டில் மேலும் கீழும் ஓடிக்கொண்டே பாடினாள்.

சத்தம் போடக்கூடாதே. ஆத்திரம் முழுவதும் மூக்கு வழியாகத்தான் வெளியேற வேண்டியிருந்தது. மேக்சின் நீளமாக மூச்சை உறிஞ்சினாள். ஆர்கன் வாசிக்கும் டுரூடி கைக்குட்டையைக் கடித்தாள். சுருதியை மாற்றியபோது அவளால் தாங்க முடியவில்லை, நிஜமாகவே விசும்பினாள். பிறகு கப்பல் தலைவன் வந்தான். சட்டை இல்லை, மார்பு முழுக்கப் பச்சை குத்தியிருந்தான். லியோனர்டின் அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் புறப்பட்டது.

"வட கடல்டா அது... குளிருமேடா... சட்டையைப் போட்டுத் தொலைடா..." என்று வாயைப் பொத்திக்கொண்டு அழாக்குறையாகச் சொன்னான்.

இப்படிக் கால்மணி நேரம் ஓய்வறையில் உறிஞ்சலும் விசும்பலும் முனகலும் ஓயவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பிரேத அறையில் இருந்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கதவு திறந்தது. கறுப்பு கவுன் அணிந்த, குருவி மாதிரி சின்ன அம்மாள் ஒருத்தி நின்றாள். எல்வுட்டின் மனைவி பெர்னிஸ். லியோனர்ட் துள்ளியெழுந்து திரைக்கு முன்னால் நின்றான். மேக்சின் சத்தத்தை அணைத்தாள்.

"எல்வுட்டுக்காகவா இவ்வளவு பேர் அழறீங்க?" என்றாள் பெர்னிஸ். "அந்த ரூம்ல யாருமே அழலீங்க. அவர் தம்பி ஃபுட்பால் பத்திப் பேசிட்டிருக்கான். நீங்க உள்ளகூட வராம, இங்க ஒதுங்கி உட்கார்ந்து..."

அவள் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"உங்களுக்கு எல்வுட்டை எப்படித் தெரியும்?" என்று டுரூடியைக் கேட்டாள்.

டுரூடி பொய் சொல்லிப் பழகாதவள். "அவர் போனதும் எங்க கூடமே மூழ்கிடுச்சும்மா" என்றாள்.

பெர்னிஸுக்குக் கண்ணீர் பெருகியது. டுரூடியைக் கட்டிக்கொண்டாள். மேக்சினுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலாம் போலிருந்தது. பல் மருத்துவரிடம் எத்தனையோ பேரிடம் 'வலிக்காது, பயப்படாதீங்க' என்று கூசாமல் சொல்லியிருக்கிறாள். இந்தப் பொய்யைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

லியோனர்டின் முறை வந்தது. 'ரொம்ப நல்ல மனுஷன்' என்று சொல்லிக்கொண்டே ஓரக்கண்ணால் திரையைப் பார்த்தான். அவன் தோளுக்குப் பின்னால் வெளிச்சம் துள்ளிக்கொண்டிருந்தது.

"அது என்ன, எல்வுட்டோட போட்டோவா?" என்று எட்டிப் பார்த்தாள் பெர்னிஸ்.

"ஆமாம்மா. பழைய போட்டோ" என்றான் லியோனர்ட்.

சட்டையில்லாத கப்பல் தலைவன் தலைமுடியைச் சிலுப்பிக்கொண்டு மேசைமேல் தாவினான். பெர்னிஸ் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"எல்வுட்டுக்கு இவ்வளவு முடி கிடையாதே" என்றாள்.

இந்த நேரம் பார்த்து உள்ளே ஓடிவந்த கிளைட், நிலைமையைச் சமாளிக்கிறேன் பேர்வழி என்று சுவரிலிருந்த பொத்தான் ஒன்றை அழுத்தினான். இரண்டு திரைகளையும் ஓட்டியது ஒரே கருவிதான்; படங்கள் இடம் மாறிவிட்டன. ஓய்வறைத் திரையில் எல்வுட் ஹெக்மன் ஒரு மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த படத்தில் இன்னொரு மீன். அதற்கடுத்து வேறொரு மீன், அதே தொப்பி. பிரேத அறையிலிருந்து "ஐயோ!" என்று ஒரு குரலும் அதைத் தொடர்ந்து இருபது கடற்புறாக்களின் பாட்டும் கேட்டன.

எல்லாரும் அங்கே ஓடினார்கள். எல்வுட் கோட்டும் டையுமாக அமைதியாகப் படுத்திருந்தார். அவர் தலைமாட்டில் ஆளுயரத் திரையில் பிரியெல் காஸ் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தாள். எல்வுட்டோடு வேலை செய்த குழாய்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் தொப்பியைக் கையில் பிடித்தபடி திறந்த வாய் மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளைட் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினான். அது உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. அப்பா காலத்திலிருந்து நடத்துகிற இல்லத்தில் இப்படி நடந்ததே இல்லை.

"கரண்டைப் பிடுங்கிடறேன் பெர்னிஸ். என்னை மன்னிச்சிடு. ஒரே நிமிஷம்."

"பிடுங்காதே" என்றாள் பெர்னிஸ்.

"என்ன?"

"இது அந்த ஹன்னா நாடகம்தானே? கல்யாணமான நாள்லேருந்து ஒவ்வொரு வசந்தத்துக்கும் கேட்டிருக்கேன், ஒரு தடவை கூட்டிட்டுப் போங்கன்னு. 'பாட்டுப் பாடிக்கிட்டே எவனாவது கப்பல் ஓட்டுவானா'ம்பார். அதோட பேச்சு முடிஞ்சிடும்." அவள் முன்வரிசையில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னிக்கு எழுந்து போக முடியாதில்ல? என்கூட உட்கார்ந்து பார்க்கட்டும். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்க."

கூட்டினார்கள். சபை ஒரு பக்கமும் குழாய்க்காரர்கள் மறுபக்கமுமாக உட்கார்ந்தார்கள், கல்யாணத்தில் பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் உட்காருவது போல. யாரோ பன்றித்தொடை சாண்ட்விச் தட்டை வரிசையில் சுற்றவிட்டார்கள்.

புயல் காட்சி வந்தது. மேடையில் நிஜ மழை பெய்தது. கூரைக் குழாய்களிலிருந்து கொட்டிய மழை, புயல் முடிந்த பிறகும் நிற்கவில்லை.

"வால்வை மூடுங்கடா!" என்று கத்தினான் வெர்ன் என்ற தடித்த குழாய்க்காரன். "யாராவது போய் மூடுங்கடா!"

"இது கதையிலேயே இருக்கோ என்னவோ" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"கதையாவது மண்ணாவது. அந்தப் புறா விழுந்து கிடக்கு பாரு."

உண்மையிலேயே மூன்று புறாக்கள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தன. கப்பல் தலைவன் காதல் பாட்டின் நடுவில் வழுக்கி, கேமராவைத் தாண்டிப் போய், எங்கோ 'டொம்' என்று மோதினான். வாத்தியங்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து நின்றன. பாடகியின் உடுப்பிலிருந்த ஒலிவாங்கியும் கரகரத்துச் செத்தது. லியோனர்ட் மகிழ்ச்சியில் தொடையைத் தட்டிக்கொண்டான்.

மேக்சினும் சிரிக்கத்தான் வாயெடுத்தாள். ஆனால் திரையில் அந்தப் பெண் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கண்மை கன்னத்தில் வழிந்தது, உடுப்பு உடம்போடு ஒட்டியது. ஒரு கணம் பக்கவாட்டில் பார்த்தாள். யாரும் உதவிக்கு வரவில்லை. பாட்டைத் தொடர்ந்தாள். வாத்தியமும் இல்லை, ஒலிவாங்கியும் இல்லை, தூரத்துக் கேமரா பிடித்துத் தந்த மழைச் சத்தத்துக்கு மேலே வெறும் குரல். ஓடவில்லை, ஆடவில்லை. மெதுவாக, தாலாட்டு மாதிரி. ஒருமுறை மின்சாரம் போய், இருட்டில் தேவாலயக் கூடத்தில் தனியாகப் பாடி முடித்தது மேக்சினுக்கு நினைவு வந்தது. அப்போது தன் முழங்கால்கள் எப்படி நடுங்கின என்பதும். இந்தப் பெண்ணின் முழங்கால்களைப் பார்த்தாள். நடுங்கின.

கடைசிக் காட்சியில்தான் குண்டு விழுந்தது. கப்பல் தலைவன் நெற்றியில் கட்டோடு திரும்பி வந்து மண்டியிட்டான். ஹன்னா அவனை எழுப்பினாள், அணைத்துக்கொண்டாள், விளக்கை அவன் கையில் கொடுத்தாள். பிறகு அவனுடைய கப்பலில் ஏறிப் போய்விட்டாள். அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

"போயிட்டாளா?" என்றான் லியோனர்ட். "எங்கடி போறே? கல்யாணம் எங்கே? கல்யாணப் பாட்டு எங்கே?" பிரேதம் இருக்கிற அறை என்பதையே மறந்து நாற்காலியில் ஏறி நின்றான். "அவன் விளக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமாம்! கப்பல் தலைவனாம்!"

"ஏன், கை சுடுமோ?" என்றாள் பெர்னிஸ், திரும்பிப் பார்க்காமல்.

மேக்சின் எழுந்தாள். பழசா புதுசா, முறைப்படி ஓட்டெடுப்பு என்றாள். 'நாங்களும் பார்த்தோமே' என்று குழாய்க்காரர்கள் கையைத் தூக்கினார்கள்.

"பழசைப் பார்க்காதவங்களுக்கு ஓட்டுக் கிடையாது" என்றான் லியோனர்ட்.

"பழசுல நடிச்சவனுக்கு மட்டும் உண்டாக்கும்? நல்லா இருக்கே நியாயம்" என்றான் வெர்ன்.

பெரிய சச்சரவுக்குப் பிறகு எல்லாருக்கும் ஓட்டு என்று முடிவானது. கைகளை எண்ணினார்கள். டுரூடி கட்சி மாறிவிட்டாள்; மழைப் பாட்டில் சுருதி சுத்தமாக இருந்ததாம். புதிய நாடகம் ஒரே ஓட்டில் ஜெயித்தது. லியோனர்ட் அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். விடுபட்டவர் யாராவது உண்டா? அவன் பார்வை சவப்பெட்டியில் போய் நின்றது.

"எல்வுட்! அவரும் ஆரம்பத்துலேருந்து இங்கதானே இருந்தார்!"

எல்வுட்டின் தம்பிகூட சாண்ட்விச்சை மெல்லுவதை நிறுத்தினான். பெர்னிஸ் எழுந்து பெட்டியருகே போய், கணவரின் டையைச் சரிசெய்தாள்.

"அவர் எதிர்ப்புதான்" என்றாள். "கணக்குல சேர்த்துக்கோங்க. ஒரு பாட்டும் அவருக்குப் பிடிச்சதில்ல. அவர் ஓட்டை நான் மறைக்கக் கூடாது."

"இது சரிப்படாது" என்றான் கிளைட் கவலையோடு. "செத்தவங்களுக்கு ஓட்டுன்னு வந்தா, இந்தக் கட்டடத்துல அவங்கதான் எப்பவும் மெஜாரிட்டி."

ஆனால் பெர்னிஸ் சொல்லிவிட்டாள், யார் மறுப்பது? ஓட்டுகள் சமம். அப்போதுதான் டுரூடி கவனித்தாள். "மேக்சின், நீ கையே தூக்கலையே?"

எல்லா முகங்களும் திரும்பின. மேக்சினுக்கே அது அப்போதுதான் உறைத்தது. பழசுக்கு ஓட்டுக் கேட்கும்போது தன் கை தானாக எழும் என்று நினைத்திருந்தாள். அது மடியிலேயே கிடந்திருக்கிறது. "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்" என்று கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

கார் நிறுத்துமிடத்தில் லேசாகப் பனி பெய்தது. சவ வண்டியின் மேல் வெள்ளைப் போர்வை. சற்று நேரத்தில் பெர்னிஸும் வந்து பக்கத்தில் நின்றாள்.

"உள்ள உங்க கப்பல் தலைவனும் வெர்னும் கட்டிப் புரளாத குறை" என்றாள். "எல்வுட் இருந்தா ரசிச்சிருப்பார்."

"பெர்னிஸ், நான் ஒண்ணு சொல்லணும். எனக்கு உங்க வீட்டுக்காரரைச் சரியாத் தெரியாது. நாங்க டிவி பார்க்கத்தான் வந்தோம். அழுததெல்லாம் அந்தப் பாட்டுக்காக."

"தெரியும்மா. லியோனர்ட் என் கையைப் பிடிச்சு 'ரொம்ப நல்ல மனுஷன்'னு சொல்லிக்கிட்டே ஓரக்கண்ணால டிவியைப் பார்த்தான். எவனுக்கும் எதுக்கும் அழாத ஊர் இது. எதுக்காவது அழுதீங்களே." அவள் தோளிலிருந்த பனியைத் தட்டிவிட்டாள். "பழைய நாடகத்துல முடிவு வேறயா?"

மேக்சின் சொன்னாள். அவன் வருவான். இத்தனை நாளாக விளக்கைக் காத்தவள் ஓடிப்போய் அவன் கையைப் பிடிப்பாள். அங்கேயே, அந்த விளக்கடியிலேயே, இரண்டு பேரும் காலமெல்லாம் இருப்பார்கள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது.

"அதுதானா?" என்றாள் பெர்னிஸ். "அதை நான் வீட்டுலயே பார்த்துட்டேன்."

அவள் குரலில் குறையும் இல்லை, கசப்பும் இல்லை. சாப்பாட்டைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னாள். பிறகு இருட்டில் கொஞ்ச நேரம் அழுதாள். அது எல்வுட்டுக்காகத்தான். மேக்சின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த முறை நடிக்க வேண்டியிருக்கவில்லை.

உள்ளே போனதும் மேக்சின் கையைத் தூக்கினாள். "புதுசு" என்றாள். லியோனர்ட் தொப்பியை மாட்டிக்கொண்டு கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். அது எல்வுட்டின் தம்பியுடைய தொப்பி.

பத்திரிகையில் தீர்ப்பு வெளிவந்தது. எஃகுக் கலங்கரை விளக்கத்தையும் உருண்ட புறாக்களையும் சட்டையில்லாத தலைவனையும் மேக்சின் சும்மா விடவில்லை, வரிக்கு வரி வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தாள். கடைசியில், 'இருந்தாலும் மழையில் நனைந்துகொண்டு அந்தப் பெண் பாடியதுபோல் நான் ஒருநாளும் பாடியதில்லை' என்று எழுதியிருந்தாள். எதிர்த்து ஓட்டளித்தவர்களில் காலஞ்சென்ற எல்வுட் ஹெக்மனும் ஒருவர் என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட்டிருந்தாள். இந்த மாவட்டத்தில் செத்தவர்கள் ஓட்டுப் போடுவதற்கு இதோ ஆதாரம் என்று மூன்று பேர் ஆசிரியரிடம் சண்டைக்குப் போனார்கள்.

வசந்தம் வந்தது. லியோனர்டும் வந்தான், வேறெங்கே போவான்? பழைய முடிவாக இருந்தால்தான் நடிப்பேன் என்றான். சரி, பழைய முடிவேதான் என்றாள் மேக்சின். ஒத்திகை முழுவதும் அப்படித்தான் நடந்தது. நாடகத்தன்று, கடைசிக் காட்சியில், லியோனர்ட் கையை நீட்டிக்கொண்டு மண்டியிட்டதும் மேக்சினுக்கு என்ன தோன்றியதோ, அந்தக் கையில் விளக்கை வைத்துவிட்டுப் படியிறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே நேராக நடந்தாள். முன்வரிசையில் பெர்னிஸ் எழுந்து நின்றுவிட்டாள். டுரூடி ஆர்கனை நிறுத்தவில்லை. மேக்சின் பக்கக் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கே போய்விட்டாள். கதவு பின்னால் 'க்ளிக்' என்று பூட்டிக்கொண்டது.

மெல்லிய பாவாடையில், ஏப்ரல் மாதக் குளிரில் அவள் நின்றாள். உள்ளே மேடையில் தனியாக மாட்டிக்கொண்ட லியோனர்ட் வேறு வழி தெரியாமல் ஹன்னாவின் பாட்டைத் தன் கட்டைக் குரலில் பாடத் தொடங்கியிருந்தான். கேட்க மோசமாக இல்லை. கடைசியில் மேடையேறி வணக்கம் சொல்லவாவது உள்ளே போயாக வேண்டுமே என்று கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினாள். அங்கே அனுமதிச்சீட்டு மேசையில் வெர்ன் உட்கார்ந்திருந்தான். சபையில் புதிதாகச் சேர்ந்தவன், பொறுப்பானவன். அவளைப் பார்த்ததும் எழுந்து கதவை மறித்தான்.

"மன்னிக்கணும். நாடகம் முடியுற நேரம், இப்ப யாரையும் உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவு."

"யார் போட்ட உத்தரவு?"

"நீங்கதான்" என்றான் வெர்ன். தன் கோட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, பக்கத்திலிருந்த நாற்காலியைக் காட்டினான்.